ஓடிபி கேட்பவன்

மலையகத் தோட்டப் பகுதியான டயகமவில் உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு, கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் வாங்கி அனுப்புகிற லெப்டொப் அநேகமாகப் பழையதுதான். அதில் கடைக்காரர் போட்டுக் கொடுத்த விண்டோஸ் திருட்டுப் பிரதியாகவும் இருக்கும். காசு கட்டாமல் பாவிக்க விண்டோஸின் பூட்டை உடைக்கும் மென்பொருள், 'முதலில் வைரஸ் காவலை நிறுத்து' என்று கேட்கும். காவலை நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே வருகிறவன் யார் என்று நாம் யோசிப்பதேயில்லை. 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற கப்பம் கேட்கும் மென்பொருள் உலகையே முடக்கியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது.

ஆனாலும் எனக்குப் பெரிய பயம் வைரஸ் அல்ல. 'உங்கள் பொதி தபாலில் நிற்கிறது, சிறு கட்டணம் கட்டுங்கள்' என்று ஃபோனுக்கு வரும் செய்திதான். இணைப்பைத் தொட்டால் தபால் திணைக்களத்தின் பக்கம் போலவே ஒன்று திறக்கும். அட்டை இலக்கம் கேட்கும், பிறகு வங்கி ஃபோனுக்கு அனுப்பும் ஒருமுறை இரகசிய இலக்கமான ஓடிபியைக் கேட்கும். அதைக் கொடுத்த பின் எந்த வைரஸ் காவலும் காசைத் தடுக்காது. வெளிநாட்டிலிருக்கும் மகளின் பொதிக்காகக் காத்திருக்கும் தாய்க்கு இதில் சந்தேகம் வருமா? மத்திய வங்கி 2023இல் தடை செய்யப்பட்டவை என்று அறிவித்த ஒன்மெக்ஸ் டிடி, எம்டிஎப்இ போன்ற பிரமிட் திட்டங்கள் இன்னொரு வகை மோசடி. அவற்றுக்கு ஆள் சேர்ப்பவன் அந்நியனல்ல, மாமன் மச்சான். எச்சரிக்கை மத்திய வங்கி இணையத்தளத்தில் கிடந்து என்ன பயன்? சம்பள நாளில் கோயில் ஒலிபெருக்கியில் தமிழில் சொல்லட்டும். ஏமாந்தவர் வெட்கப்பட்டு ஒளிக்காமல், முதலில் வங்கிக்கு அழைத்து அட்டையை நிறுத்தட்டும். அடுத்த அழைப்பு, கணினி அவசர உதவி அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101க்கு.