காட்டுக்கு ட்ரிப் போறீங்களா? பாட்டிலை அங்கேயே விடாதீங்க!

கல்லாவி, ஊத்தங்கரையிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போகும் பலருக்கு ஞாயிறு என்றாலே பைக் ட்ரிப்தான். அஞ்செட்டி சாலையில் காட்டுக் காற்று வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால், அது யானைகளின் வீடு.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கி.மீ. காப்புக்காடுகள், 2022-ல் காவிரி தெற்கு வன உயிரின சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. தமிழகத்துக்கும் கர்நாடகத்துக்கும் இடையே யானைகள் நடமாடும் காடு இது. வீசியெறியும் பீர் பாட்டில் உடைந்து பாதத்தில் குத்தினால், காயம் சீழ் பிடித்து யானையின் உயிரையே பறிக்கலாம். காலி பாட்டிலுக்கு 10 ரூபாய் தரும் டாஸ்மாக் திட்டம் 2022-ல் நீலகிரியில் தொடங்கியதும் இந்தக் கவலையால்தான்.

‘ஸ்காட்லாந்தில் மலை, காடு எங்கும் நடக்கலாமே, இங்கே மட்டும் ஏன் அனுமதி கேட்கணும்?’ என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே 2003-ல் வந்த சட்டம், பொறுப்போடு நடப்பவருக்குத்தான் அந்த உரிமையைத் தருகிறது. அங்கே யானையும் கிடையாது. எனவே, இங்கே வனத்துறை அனுமதி கேட்பது நியாயமே.

அனுமதி தேவைப்படாத சாலையோரத்தில் பொறுப்பு முழுக்க நம்முடையது. இருட்டிய பிறகு வண்டியை நிறுத்த வேண்டாம், ஸ்பீக்கர் வேண்டாம். பையில் கொண்டுபோன பாட்டில், பையிலேயே வீடு திரும்பட்டும். காலியானது கனக்கவா போகிறது?