ஜன்னலோரம் – 17: எட்டே முக்கால் மணி யுத்தம்

போன ரெண்டு வாரமா அசைன்மெண்ட் ஆணி அதிகம், அதனால ஜன்னல் மூடியே கிடந்துச்சு. ஏன் திறக்கலைன்னு விசாரிச்ச மூணு பேருக்கும் (மூணே மூணு பேர்தான்!) நன்றி. இந்த வாரம் சினிமா, சமையல் எல்லாம் கிடையாது. நிஜமாவே என் ஜன்னலுக்கு வெளியே நடந்த கதை.

நான் இருக்கிறது இங்கிலாந்தில், மிட்லேண்ட்ஸ் பக்கம் ஒரு ஊர். ரயில் பெட்டி மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டின செங்கல் வீடுகள். நூறு வருஷத்துக்கு முந்திக் கட்டினது. கட்டின மகராசன் வீட்டுக்கு வீடு ரெண்டு கார் நிற்கும்னு கனவா கண்டிருப்பார்? வீட்டுக்குள்ள நிறுத்த இடமே இல்லை, எல்லா வண்டியும் தெருவிலதான். தெருக்கோடியில ஒரு தொடக்கப் பள்ளி. காலையில எட்டு முப்பது வரைக்கும் பூனை நடந்தா சத்தம் கேட்கும். எட்டே முக்காலுக்கு எட்டிப் பார்த்தா தேர்த் திருவிழா. ரெண்டு பக்கமும் வண்டி, நடுவுல வண்டி, பிளாட்பாரத்து மேல பாதி ஏறின வண்டி, கதவு திறந்து புத்தகப் பை விழுது, ஒரு அம்மா ஒத்தைக் கையால குழந்தைக்குக் கோட்டு மாட்டி விடறாங்க. ஒன்பது பத்துக்கு ஒண்ணும் இருக்காது. சாயங்காலம் மூணு மணிக்கு மறுபடி இதே கூத்து.

நான் வந்த புதுசுல இதை வேடிக்கையாத்தான் பார்த்தேன். கார் இல்லாதவனுக்குப் பார்க்கிங் சண்டைங்கிறது கிரிக்கெட் மாதிரி, யார் ஜெயிச்சாலும் நஷ்டமில்லை. :-)

எதிர் வீட்டுக்காரர் பணி ஓய்வு பெற்றவர். காலையில எட்டேகாலுக்கு அவர் வாசல் முன்னாடி ஆரஞ்சு கலர் கோன் ரெண்டு வைப்பார், கூடவே குப்பைத் தொட்டியையும் இழுத்து விடுவார். தன் வண்டியை வெளியே எடுத்தா திரும்பி வரும்போது இடம் இருக்கணுமாம். பெற்றோர் யாராவது கோனைத் தூக்கி ஓரமா வெச்சிட்டு வண்டியை விடுவாங்க. உடனே அவர் சட்டைப் பட்டன்கூடப் போடாம ஓடி வருவார். அப்புறம் இங்கிலீஷ்காரங்க சண்டை தெரியும்ல, "மன்னிக்கணும்" என்ற வார்த்தையிலேயே நாலு விதமா திட்டிக்குவாங்க.

நம்ம ஊர்ல கேட்டுல "நோ பார்க்கிங்" பலகை தொங்க விட்டு, வாசல்ல ரெண்டு கல்லையும் பூந்தொட்டியையும் வெச்சிட்டா அந்த இடம் நம்ம பட்டாவுல சேர்ந்த மாதிரி நினைப்பு இருக்கும். இங்கேயும் நினைப்பு அதேதான். சட்டம் மட்டும் வேற. பொதுத் தெருவில உன் வீட்டு வாசலுக்கு நேரா உள்ள இடம் உன்னுடையது இல்லை. வரி கட்டின எந்த வண்டியும், கோடு எதையும் மீறாம, யாருக்கும் தடங்கல் இல்லாம நிற்கலாம். கவுன்சில் குடியிருப்போர் பெர்மிட் கொடுக்கிற தெருவிலகூட பெர்மிட் என்பது நிறுத்துறதுக்கு அனுமதி மட்டும்தான், இடம் இருக்குன்னு உத்தரவாதம் இல்லை. கோன் வைக்கிறதுதான் உண்மையில தப்பு. வழியை மறிச்சா 1980 நெடுஞ்சாலைச் சட்டப்படி குற்றம். இதை நான் அவர்கிட்ட சொல்லலை. சொல்ற அளவுக்குத் தைரியம் இல்லை.

உலகம் முழுக்க இந்த வியாதி இருக்கு. அமெரிக்காவில பாஸ்டன் நகரத்துல பனியைத் தோண்டி வண்டியை எடுத்தவங்க அந்தக் குழியில நாற்காலி போட்டு இடம் பிடிப்பாங்க. பனி அவசர நிலை முடிஞ்சு 48 மணி நேரம் வரைக்கும் நகராட்சியே அதைப் பொறுத்துக்குது. ஜப்பான்காரன் கதையே வேற. 1962ல் போட்ட சட்டப்படி, வண்டியை நிறுத்த சொந்தமாவோ வாடகைக்கோ இடம் இருக்குன்னு காட்டினாத்தான் கார் வாங்கிப் பதிவு பண்ண முடியும். கலிபோர்னியாவில டொனால்ட் ஷூப்னு ஒரு பேராசிரியர், 2005ல் இதுக்குன்னே ஒரு தடிமனான புத்தகம் எழுதினார் (2025ல் காலமானார்). தெருவோர இடத்தைச் சும்மா கொடுக்கிறதுதான் எல்லா அடிதடிக்கும் காரணம், விலை வை, தானா சரியாகும் என்பது அவர் கட்சி. கடைத்தெருவுக்கு ரொம்பச் சரி. பள்ளிக்கூட வாசலுக்குச் சரியான்னு எனக்குச் சந்தேகம். ஏன்னு சொல்றேன், அதுக்கு அக்கா கதைக்குப் போகணும்.

அக்கா யாழ்ப்பாணம். தமிழ்க் கடையில இடியப்ப மா பாக்கெட்டுக்கு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கை நீட்டினதுல பழக்கம். "தம்பி, நீங்கள் எடுங்கோ" என்று விட்டுக் கொடுத்தவங்க. சனிக்கிழமை கடைக்குப் போகும்போது என்னையும் வண்டியில ஏத்திக்குவாங்க. அவங்க மகன் படிக்கிறது எங்க தெருப் பள்ளியிலதான். ரெண்டாம் வகுப்பு.

முன்னாடி பக்கத்துத் தெருவிலதான் இருந்தாங்க, நடந்தே வருவாங்க. போன வருஷம் வீட்டுக்காரர் வீட்டை விக்கிறேன்னு காலி பண்ணச் சொல்லிட்டார். கிடைச்ச வாடகை வீடு ஒன்றே முக்கால் மைல் தள்ளி. அங்கே பக்கத்துல ரெண்டு பள்ளி இருக்கு, ரெண்டிலும் இடமில்லை. இங்கே அஞ்சிலிருந்து ஏழு வயசு வரைக்கும் உள்ள வகுப்புல ஒரு ஆசிரியருக்கு 30 பிள்ளைங்களுக்கு மேல கூடாதுன்னு 1998 சட்டம். நல்ல சட்டம்தான், ஆனா முப்பத்தொண்ணாவது பிள்ளையோட அம்மாவுக்கு அது கதவு. சரி, கவுன்சில் இலவச வண்டி கொடுக்குமான்னா, எட்டு வயசுக்குக் கீழே ரெண்டு மைலுக்கு மேல இருந்தாத்தான். இந்த ரெண்டு மைல், எட்டு வயசுக்கு மேல மூணு மைல் என்ற கணக்கு 1944 கல்விச் சட்டத்துல வந்தது. அப்போ இந்தத் தெருவில கார் எத்தனை ஓடியிருக்கும்! அக்கா வீடு கால் மைல் குறைச்சல். பஸ்ஸுன்னா ஊர் நடுவுக்குப் போய் மாறணும். நடந்தா ஆறு வயசுப் பையனோட முக்கால் மணி நேரம். அக்கா ஒன்பதே காலுக்கு ஒரு முதியோர் இல்லச் சமையலறையில நிற்கணும். கணக்குப் போட்டுப் பாருங்க, காரைத் தவிர விடை வராது.

சண்டைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்கதான் எங்க பக்கத்து வீட்டுப் பாட்டி. எண்பதைத் தாண்டியாச்சு, தனியா இருக்காங்க, சக்கர நாற்காலி. செவ்வாய்க்கிழமை அவங்க குப்பைத் தொட்டியை நான்தான் வெளியே வைப்பேன், பதிலுக்கு பிஸ்கட் டப்பா நீளும். காலையில பராமரிப்புக்கு ஒரு மலையாளிச் சேச்சி வருவாங்க. அவங்களுக்கு ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம்தான். பள்ளி நேரத்துல மாட்டினா மூணு சுத்து சுத்தி, நாலு தெரு தள்ளி நிறுத்திட்டு மழையில ஓடி வருவாங்க. தாமதமான நிமிஷமெல்லாம் பாட்டியோட அரை மணியிலதான் கழியும். எழுப்பி, கழிப்பறைக்குக் கூட்டிட்டுப் போய், உடுத்தி விடணும். நாம நாலு பேர் "பார்க்கிங் பிரச்சினை"ன்னு சொல்றதுக்கு அந்த வீட்டுக்குள்ள வேற அர்த்தம்.

போன மாசம் ஒரு செவ்வாய். பாட்டிக்கு ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரியில கண்ணுக்கு ஊசி. மாசா மாசம் போடணும், விட்டா இருக்கிற பார்வையும் போயிடும். சக்கர நாற்காலியை ஏத்துற ஆஸ்பத்திரி வண்டி எட்டு ஐம்பதுக்கு வந்துடுச்சு. பாட்டி வாசலுக்கு நேரா பிளாட்பாரத்தைச் சரிவா இறக்கி விட்டிருப்பாங்க, நாற்காலி இறங்குறதுக்கு. அந்தச் சரிவை அடைச்சுக்கிட்டு ஒரு வெள்ளி நிறக் கார். அப்படி நிறுத்துறது தப்பு, கவுன்சில் அபராதம் போடலாம். போட ஆள்தான் அங்கே இல்லை.

ஓட்டுநர் நடுத் தெருவில வண்டியை நிறுத்தினார். பின்னாடி பத்துப் பதினைஞ்சு கார், ஒரே ஹார்ன். எதிர் வீட்டுக்காரர் தெருவில இறங்கி, "யாருடையது இது? யாருக்காவது தெரியுமா?" என்று கத்துறார். என்னைப் பார்த்தும் கேட்டார்.

கண்ணாடியில முருகன் ஸ்டிக்கர். பின் சீட்டுல நீலக் கலர் குழந்தை இருக்கை. சனிக்கிழமை அதுக்குப் பக்கத்துலதான் நான் உட்கார்ந்து போவேன்.

"தெரியாது" என்றேன்.

அப்புறம் சமையலறைக்குள்ள ஓடிப் போய் அக்காவுக்குப் போன் போட்டேன். ரெண்டு தடவை. எடுக்கலை. (போன் காருக்குள்ளேயே இருந்திருக்கு. வெளியே போயிருந்தா மணி அடிக்கிறது எனக்கே கேட்டிருக்கும்.) பள்ளிக்கு ஓடியிருக்கலாம், நூறு அடிதான். ஓடினா எல்லாருக்கும் தெரிஞ்சிடுமேன்னு நின்னுட்டேன். அந்த அஞ்சு நிமிஷத்தைத்தான் இன்னும் மறக்க முடியலை. ஓட்டுநர் பத்து நிமிஷம் பார்த்தார், அடுத்த நோயாளி காத்திருக்காங்க, முடிஞ்சா திரும்பி வர்றேன்னு போயிட்டார். வரலை. ஒன்பது அஞ்சுக்கு அக்கா ஓட்டமா வந்து, எதையும் பார்க்காம வண்டியை எடுத்துட்டுப் போனாங்க. பையன் ஏதோ வாசிக்கச் சிரமப்படறான்னு டீச்சர் நிறுத்திப் பேசினாங்களாம். பாட்டிக்கு அடுத்த தேதி மூணு வாரம் கழிச்சு.

அன்னைக்கு ராத்திரி அக்காகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஐயோ தம்பி, ரெண்டு நிமிசம் எண்டுதானே விட்டனான். நான் வேணுமெண்டு செய்வனே? ஒன்பதே காலுக்கு நிக்காட்டி அவை வேற ஆளைப் போடுவினம்" என்றாங்க. அழுதாங்களான்னு தெரியலை, மூக்கை உறிஞ்சின சத்தம் கேட்டுச்சு.

இதுக்கு நடுவுல கவுன்சில்ல இருந்து வீட்டுக்கு வீடு காகிதம் வந்துச்சு. "பள்ளித் தெரு" திட்டம். பள்ளி தொடங்குற நேரமும் விடுற நேரமும் தெருவுக்குள்ள வெளி வண்டி நுழையக்கூடாது, கேமரா பார்க்கும், மீறினா அபராதம். குடியிருப்போருக்கும் மாற்றுத் திறனாளி அட்டை உள்ளவங்களுக்கும் விலக்கு. இத்தாலியில போல்சானோ ஊர்ல 1989ல் தொடங்கினது இது. லண்டன்ல கேம்டன் பகுதியில 2016ல் வந்துச்சு, கொரோனா சமயத்துல மளமளன்னு பெருகி இப்போ லண்டன்ல மட்டும் 500க்கு மேல. லண்டனுக்கு வெளியே கவுன்சில்களுக்கு இந்த மாதிரி கேமரா அபராதம் போடுற அதிகாரமே 2022லதான் கிடைச்சது. அதுக்கு முன்னாடி போலீஸ் வந்தாத்தான் உண்டு, பள்ளிக்கூட வாசலுக்கு எந்தப் போலீஸ் வருவார்? வண்டியெல்லாம் அடுத்த தெருவுக்குப் போய் அங்கே அடிச்சுக்குமேன்னு நானும் நினைச்சேன். எடின்பரோ நேப்பியர் பல்கலைக்கழகத்துல 2020ல் பல ஊர் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பெரும்பாலும் அப்படிப் பெரிய தொல்லை வரலைன்னு எழுதியிருக்காங்க. கொஞ்சம் பேர் நடக்க ஆரம்பிச்சிடறாங்களாம்.

அந்தக் கொஞ்சம் பேர்ல அக்கா இருக்க முடியாது. ஷூப் சொல்ற மாதிரி காசு வெச்சாலும் அடிபடறது அவங்கதான். பெரிய வண்டியில வர்ற அப்பா காசைக் கட்டிட்டுப் போயிடுவார், அக்காகிட்ட காசும் இல்லை, நேரமும் இல்லை. காலை உணவோட அரை மணி முன்னாடியே பள்ளி திறக்கிற இலவசத் திட்டம் 2025 ஏப்ரல்ல 750 பள்ளியில தொடங்கினாங்க. அது இருந்தா எட்டே காலுக்கே பையனை விட்டுட்டுப் போயிடலாம். அந்தப் பட்டியல்ல இந்தப் பள்ளி இல்லை.

நான் "ஆதரிக்கிறேன்"ல டிக் போட்டேன். கீழே இருந்த சின்னப் பெட்டியில, பராமரிப்பாளர் வண்டிக்கு வீட்டுப் பெயர்ல பெர்மிட் வேணும், காலை உணவுத் திட்டம் வராம கேட்டை மட்டும் மூடாதீங்கன்னு எழுதினேன். அனுப்புறதுக்கு முன்னாடி அக்காகிட்ட சொல்லிட்டேன். "ஓம், நீங்கள் அந்தத் தெருவில இருக்கிறீங்கள்தானே" என்றாங்க. அந்தச் சனிக்கிழமை நான் பஸ்ல கடைக்குப் போனேன்.

பாட்டிகிட்டயும் சொல்லணுமே. குப்பைத் தொட்டியை வெச்சிட்டு, வாசல்ல நின்னபடியே, அன்னைக்கு நின்ன கார் எனக்குத் தெரிஞ்சவங்களுடையதுன்னு உளறினேன். பாட்டி பிஸ்கட் டப்பாவைத் திறந்துக்கிட்டே, "தெரியும். சனிக்கிழமை நீ அதுல ஏறுறதை ஜன்னல்ல இருந்து பார்ப்பேன்" என்றாங்க. பார்வை போகுதுன்னு யார் சொன்னது! அப்புறம், "அந்தப் பொண்ணுக்கு வேலை எத்தனை மணிக்கு?" என்று கேட்டாங்க. சொன்னேன். "நானும் அந்தப் பள்ளிக்கு ரெண்டு பிள்ளைங்களை இழுத்துட்டு ஓடினவதான், எனக்கு வீடு பக்கத்துல இருந்துச்சு" என்றாங்க. அதுக்கு மேல பேசலை. வழக்கமா ரெண்டு கொடுக்கிற பிஸ்கட் அன்னைக்கு ஒண்ணுதான். :-(

வர்ற செவ்வாய்க்கிழமை பாட்டிக்கு மறுபடி ஊசி. நேத்து அக்காகிட்ட இருந்து வாட்ஸ்அப். அன்னைக்கு மட்டும் பையனோட எட்டு மணிக்கே வந்து, அந்தச் சரிவுக்கு முன்னாடி தன் காரை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்திருப்பாங்களாம். ஆஸ்பத்திரி வண்டி வந்ததும் எடுத்துடுவாங்களாம், வேற யாரும் வந்து அடைக்காம இருக்க. சட்டப்படி அதுவும் தப்புதான். இதை எதிர் வீட்டுக்காரர்கிட்ட சொன்னதுக்கு, எதுக்கு அந்தம்மா, என் கோன் ரெண்டையும் தர்றேன் என்கிறார்.

கோனா, காரான்னு திங்கள் ராத்திரிக்குள்ள முடிவு பண்ணணும். நான் ஏழரைக்கே எழுந்து வாசல்ல நிற்கப் போறேன்.