திறவுகோலை உள்ளே வைத்துப் பூட்டுகின்றனர்!

வீட்டைப் பூட்டித் திறவுகோலை வீட்டினுள்ளேயே வைத்துவிட்டு, வாயிலில் நிற்பவனைப் பார்த்து, "உள்ளே வரத் தடையில்லை, திறந்துகொண்டு வருக!" என்று சொல்பவனை என்னென்பது? அறிவிலி என்பதா, ஏய்ப்பவன் என்பதா?

இன்று திறன்பேசிச் செயலிகள் பலவற்றில் தமிழுக்குத் தரப்படும் இடம் இத்தகையதே. தமிழ் உண்டு என்பர். எங்கே என்று கேட்டால், மூலையிலுள்ள மூன்று கோட்டுக் குறியை அழுத்துக என்பர். அதனுள் 'அமைப்பு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் தொடுக என்பர். அதற்கும் உள்ளே 'மொழி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் தேடுக என்பர். அங்கே தமிழ் என்னும் பெயரும் ஆங்கில எழுத்திலேயே கிடக்கும். இவ்வளவையும் படித்துத் தேர வல்லவனுக்குத் தமிழ்ப் பட்டி தேவையில்லை. தேவைப்படுபவளுக்கோ அது கைக்கு எட்டுவதில்லை.

ஒரு செயலியின் பட்டிக்காக இவ்வளவு சினமா என்று நண்பர் சிலர் நகைக்கலாம். அவர்களை நம்மோடு ஒருமுறை திருப்பெரும்புதூர்ப் பக்கம் வரச் சொல்வோம்.

சென்னையிலிருந்து பெங்களூர்ச் சாலையில் மேற்கே சென்றால் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம். தெற்கே திரும்பினால் வல்லம், வடகால், ஒரகடம். ஏரியும் வயலுமாக இருந்த இந்நிலத்தில் 1998 முதல் கொரிய நாட்டு இயுண்டாய் மகிழுந்துகள் உருவாகின்றன. 2006இல் நோக்கியா பேசித் தொழிலகம் இங்கே எழுந்தது, 2014இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010இல் இரெனோ-நிசான் மகிழுந்தும், 2012இல் தெய்ம்லர் சரக்குந்தும் தொழிலகம் கண்டன. ஆப்பிள் நிறுவனத்தின் பேசிகளைப் பாக்சுகான் 2019 முதல் இங்கே கோத்து வருகிறது. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்க்கெனத் தமிழக அரசு கட்டி 2024 ஆகத்தில் திறந்த விடுதியில் மட்டும் 18,720 படுக்கைகள். அவை ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஊரில் ஒரு தாய் வழியனுப்பி வைத்த மகளின் இடம் என்பதை நினைவிற்கொள்க.

அம்மகளிருள் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். திருவண்ணாமலைப் பக்கத்துச் சிற்றூரில் தமிழ்வழியிற் படித்தவள். ஒரு கிழமை பகற்பணி, மறு கிழமை இரவுப்பணி. எட்டு மணி நேரம் நின்றே வேலை. போக்கும் வரவும் பேருந்தில். இருபத்திரண்டு அகவையிலேயே இடுப்பு நோகிறது, கெண்டைக்கால் இழுக்கிறது, பகலில் உறக்கம் கொள்ளவில்லை. விடுதிக்கு எதிரே விளையாட்டுத் திடல் இல்லை. கையிலோ திறன்பேசி உண்டு. உடற்பயிற்சிச் செயலி ஒன்றை இறக்கிக் கொள்கிறாள். திரையில் ஐந்து படக்குறிகள். ஐந்தின் கீழும் ஆங்கிலம். ஒன்றைத் தொட்டால் எடைதூக்கும் ஆடவன் படம். மற்றொன்றைத் தொட்டால் பணம் கட்டச் சொல்லும் பக்கம். தனக்கு வேண்டிய இடுப்புப் பயிற்சி எந்தக் குறிக்குள் இருக்கிறது என்று தெரியாமல் ஐந்தாம் நொடியில் மூடிவிடுகிறாள். அவளுக்கு இழப்பு ஒரு செயலி அன்று. தன் உடலைத் தானே பேணிக்கொள்ளக் கிடைத்த ஒரு வழி.

பேசிக்கே தமிழ் தெரியாதோ எனின், தெரியும். ஆண்டிராய்டு இயங்குதளம் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பிலேயே தமிழை ஏற்றது. ஆப்பிள் பேசியின் பட்டிகளோ 2025இல்தான் தமிழ் கற்றன. இம்மண்ணில் அப்பேசியைக் கோக்கத் தொடங்கியது 2019இல். அது இம்மண்ணின் மொழியில் வாய் திறந்தது ஆறாண்டு கழித்து! ஆயினும் பேசி தமிழ் கற்றதனால் அதனுள் இருக்கும் செயலிகள் தமிழ் கற்றுவிடா. ஒவ்வொரு செயலியையும் அதனைச் செய்தவரே மொழிபெயர்த்தாக வேண்டும். கதவு தமிழில்; உள்ளறை முழுதும் ஆங்கிலத்தில். இதுவே இன்றைய நிலை.

தனியார் இப்படி, அரசேனும் வேறுபட்டதோ? 2019 ஆகத்து 29இல் தில்லி அரசு 'பிட் இந்தியா' இயக்கத்தைத் தொடங்கியது. சரியாக இரண்டாண்டு கழித்து, 2021 ஆகத்து 29இல், அதே பெயரில் உடற்பயிற்சிச் செயலி ஒன்றை விலையின்றி வெளியிட்டது. நடந்த அடிகளை எண்ணும், உறக்கத்தைக் கணக்கிடும், உடல்வலிமைக்கு மதிப்பெண் இடும். நல்ல முயற்சியே, மறுக்கவில்லை. ஆனால் வெளியிட்ட அன்று அது பேசிய மொழிகள் இரண்டே: ஆங்கிலம், இந்தி. எல்லார் வரிப்பணத்திலும் செய்த செயலி, எல்லார் உடலையும் ஓம்பப் புறப்பட்ட செயலி, தமிழனிடம் மட்டும் "முதலில் இந்தி படி, அல்லது ஆங்கிலம் படி, பிறகு உன் முழங்காலைப் பார்ப்போம்" என்றது. நோவுக்கும் மொழிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பார்க்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமோ?

இனி, செயலி செய்வோர் தம் பட்டியைத் திருத்தும் முறையைப் பார்ப்போம். "பயனர் கருத்தைக் கேட்டே மாற்றுகிறோம்" என்று பெருமையோடு சொல்கின்றனர். யாரைக் கேட்கின்றனர்? வினா வருவது ஆங்கிலத்தில். விடை எழுத வேண்டுவது ஆங்கிலத்தில். ஆங்கிலம் அறிந்தவன், "இந்தக் குறியைக் கீழே வைக்கலாம், அந்த நிறத்தை மாற்றலாம்" என்று எழுதுகிறான். ஐந்தாம் நொடியில் மூடிவிட்டுப் போனவளிடம் யாரும் கேட்கவில்லை. அவள் எங்கும் எழுதவுமில்லை. அவளது வாய்மூடலை, "தமிழில் வேண்டுமென்று ஒருவரும் கேட்கவில்லை" என்று கணக்கெழுதிக் கொள்கின்றனர். உள்ளே இருப்பவனைக் கேட்டு, வெளியே நிறுத்தப்பட்டவளின் குறையை அறிய முடியுமா? விருந்துண்டவனிடம் பசியைப் பற்றிக் கேட்டறிவது போன்றதன்றோ இது!

அந்த மூன்று கோட்டுக் குறியின் வரலாற்றையும் அறிந்து வைப்பது நல்லது. செராக்சு நிறுவனம் 1981இல் வெளியிட்ட 'இசுடார்' கணினிக்காக நார்ம் காக்சு என்பவர் வரைந்தது அது. ஒரு பட்டியலின் தோற்றத்தைச் சிறு இடத்திற் காட்டவே அவர் அதனை வரைந்தார். இன்று அது எல்லாவற்றையும் ஒளித்து வைக்கும் அறையாகிவிட்டது. பட்டியை இவ்வாறு மறைத்தால், உள்ளிருப்பனவற்றை மக்கள் கண்டுகொள்வது ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று அமெரிக்காவின் நீல்சன் நார்மன் குழு 2016இல் ஆய்ந்து சொல்லியது. தெரிந்த மொழியில் இருக்கும்போதே பாதி மறைகிறதெனில், தெரியாத மொழியில் மறைத்து வைத்தால் மிஞ்சுவது என்ன?

தமிழ் தந்துவிட்டோம் என்று சிலர் காட்டுவதோ இன்னும் கொடிது. ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் எழுதி வைத்து அதனைத் தமிழ் என்பது ஒரு வகை. பொருளறியாப் பொறியிடம் சொற்பட்டியலைக் கொடுத்து அது கக்கியதை அப்படியே ஒட்டுவது மற்றொரு வகை. 'பேக்' என்னும் ஒரே ஆங்கிலச் சொல் பின்செல்லுதலையும் குறிக்கும், முதுகையும் குறிக்கும். 'ரன்' என்பது ஓடுதலையும் குறிக்கும், இயக்குதலையும் குறிக்கும். 'காப்' என்பது கெண்டைக்காலையும் குறிக்கும், கன்றுக்குட்டியையும் குறிக்கும். உடற்பயிற்சிச் செயலியில் இவ்விரு பொருளும் அடுத்தடுத்து வரும். இடமறிந்து பெயர்க்க ஒரு தமிழறிந்தவர் இல்லையெனின், பின்செல்ல வேண்டியவள் முதுகைத் தொட வேண்டியதுதான்! இன்னும், ஆங்கிலச் சொல்லின் அளவுக்கே கட்டம் கட்டி, அதில் அடங்காத தமிழ்ச் சொல்லின் வாலை வெட்டி மூன்று புள்ளி வைப்பர். வரிகளை நெருக்கி, மேல்விலங்கையும் கீழ்விலங்கையும் அரிந்துவிடுவர். சட்டையை ஆங்கிலத்துக்குத் தைத்துவிட்டுத் தமிழின் கையை வெட்டிப் பொருத்துவதா பட்டித் திருத்தம்?

"தமிழில் அதற்கெல்லாம் சொல் ஏது?" என்பார் இன்னும் உளர். பிடரி, தோள், விலா, இடுப்பு, தொடை, முழங்கால், கெண்டைக்கால், கணுக்கால், குதிகால் என்று உடலின் ஒவ்வோர் இடத்துக்கும் பெயரிட்டு வைத்த மொழி இது. சிலம்பமும் சடுகுடுவும் மல்லும் கரலாக்கட்டையும் இளவட்டக்கல்லும் கொண்ட மக்கள் உடற்பயிற்சிக்குச் சொல் தேடி யாரிடம் கையேந்த வேண்டும்? முகப்பு, பயிற்சி, உணவு, உறக்கம், என் கணக்கு: ஐந்து குறிகளுக்கு ஐந்து சொற்கள், நொடியில் முடிந்தது! இதற்கா ஆண்டுக்கணக்கில் தயக்கம்?

"வணிகத்துக்கு ஆள் போதாது" என்பது கடைசிச் சாக்கு. ஐசுலாந்து என்னும் நாட்டின் மக்கள் தொகை அன்று மூன்று நூறாயிரத்துக்கும் குறைவு. கணினிக்குக்கூட ஆங்கிலப் பெயரை ஏற்காமல், எண்ணையும் குறிசொல்பவளையும் குறிக்கும் தம் பழஞ்சொற்களை இணைத்துத் 'தோல்வா' என்று பெயரிட்டவர்கள் அவர்கள். தம் மொழியில் விண்டோசு இயங்குதளம் வேண்டுமென்று கேட்டபோது, ஆள் போதாதென்று மைக்ரோசாப்டு தயங்கியது. அந்நாட்டு அரசு விடவில்லை. 1999இல் உடன்படிக்கை செய்து பெற்றது. இந்தியாவில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 6.9 கோடி. குறைந்தது ஆளா, அழுத்தமா?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அதே தொழிலகங்களில் ஒடிய நாட்டிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்து உழைப்பவரும் உளர். அவர்க்கு அவர் மொழியில் பட்டி கிடைப்பதை நாம் வெறுக்கவில்லை, வரவேற்கிறோம். யாருடைய உடல்நோவும் பிறமொழியில் நோவதில்லை. நாம் எதிர்ப்பது, இரண்டு மொழிகளை மட்டும் நாற்காலியில் அமர்த்தி மற்றவற்றை வாயிலில் நிறுத்தும் முறையையே.

ஆனால் தமிழர்களே, பழியனைத்தும் பிறர்மேல் சுமத்திவிட்டு நாம் தப்ப முடியாது. பதினோராண்டுக்கு முன்பே தமிழ் வந்துவிட்ட ஆண்டிராய்டு பேசியை, மேடையில் தமிழ் முழங்கும் நம்மில் எத்தனை பேர் இன்றும் ஆங்கிலத்தில் வைத்திருக்கிறோம்? செயலி நிறுவனத்தார் எண்ணிப் பார்ப்பது முழக்கத்தை அன்று. எத்தனை பேசிகள் தமிழில் இயங்குகின்றன என்னும் எண்ணிக்கையை. அந்த எண்ணிக்கையில் நாம் இல்லையெனின், "தமிழர் கேட்கவில்லை" என்று அவர் சொல்வதற்கு நாமே சான்று கொடுத்தவராவோம்.

ஆகவே செய்ய வேண்டியன இவை. இன்றே உங்கள் பேசியைத் தமிழுக்கு மாற்றுக. நீங்கள் பயன்படுத்தும் செயலியின் கருத்துப் பகுதியில் தமிழிலேயே எழுதுக. திறந்தவுடன் முதல் திரையில், தமிழெழுத்தில், 'தமிழ்' என்னும் சொல் தெரிய வேண்டும் என்று கேட்க. படக்குறி ஒவ்வொன்றின் கீழும் வெட்டாத முழுச்சொல் வேண்டும் என்று கேட்க. பட்டியைத் திருத்துமுன் ஒரகடத்து விடுதியில் பத்துப் பெண்களின் கையில் அதனைக் கொடுத்து, அவர்கள் எங்கே தடுமாறுகின்றனர் என்று பார்க்கச் சொல்க. தமிழக அரசு, இங்கே நிலமும் நீரும் பெறும் நிறுவனங்களிடம் இதனை வேண்டுகோளாக அன்று, கட்டளையாக வைக்க வேண்டும்.

பேசியைக் கோக்கும் விரல் தமிழ்விரல். அவ்விரல் தொட்டவுடன் அப்பேசியும் அதனுள் இருக்கும் செயலியும் தமிழில் விடை சொல்லட்டும். அதுவரை நாம் கதவைத் தட்டிக்கொண்டே இருப்போம். திறவுகோல் வெளியே வரும்வரை!