காலைப் பறிப்பது கத்தியா, காலதாமதமா?



"ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை வெட்டிவிடுவார்கள்!" சிங்கப்பூரில் தேக்கா சந்தை முதல் நமது தோட்டத்து லயம் வரை உலவும் பேச்சு இது. இதை நம்பிப் புண்ணை மறைக்கிறவர்தான் கடைசியில் காலை இழக்கிறார்.

இனிப்புநீர் வியாதி கால் நரம்புகளை மரக்கச் செய்யும். ஆணி தைத்தாலும், சப்பாத்து கடித்தாலும் தெரியாது. இரத்தக் குழாயும் அடைபட்டால் புண் ஆறாமல் கறுக்கும். சீக்கிரம் போனால், சிறு பலூனை உள்ளே செலுத்திக் குழாயைத் திறக்கப் பார்ப்பார்கள். அழுகிய சதையை அகற்றுவார்கள். அவசியமானால் ஒரு விரலை எடுப்பார்கள். பிறகு புண்ணைத் தைக்காமல் திறந்தே விடுவதுண்டு. கவனக்குறைவு என்று பதற வேண்டாம், சீழ் உள்ளே தங்காதிருக்கவே அப்படி. ஆறுவதற்கு வாரங்கள், சில வேளை மாதங்களும் ஆகும். அதுவரை அந்தக் காலை ஊன்றக் கூடாது.

ஊன்றாமல் எப்படிப் பிழைப்பது? அங்கேதான் வழக்கு!

சிங்கப்பூரில் 2010-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், 18 முதல் 69 வயது வரையுள்ள இந்தியர்களில் 17.2 சதவீதத்தினருக்கு இந்நோய் இருந்தது, சீனர்களில் 9.7. அரசாங்கம் 2016-ல் இந்நோய் மீது போர் தொடுத்தது. நல்லது. ஆனால் ஆறு மாதம் வேலை செய்தவருக்குச் சட்டம் தருவது ஆண்டுக்கு 14 நாள் மருத்துவ விடுப்பு. மருத்துவமனை விடுப்பும் சேர்த்தால் 60. மாதக்கணக்கில் ஆறும் புண்ணுக்கு இது போதுமா? மீதி நாட்களுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை கொடு என்கிறோம். கட்டு மாற்றப் போகிறவனை மட்டம் போடுகிறவன் என்று ஏசாதே என்கிறோம்.

இன்றிரவே விளக்கடியில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய முடியாதவர் மனைவியைப் பார்க்கச் சொல்லட்டும்.