கையில காசு, கண்ணுல லென்ஸ் - 6: விலை வேற, அடக்க விலை வேற

போன வாரம் பழைய லென்ஸ் பத்தி எழுதினாலும் எழுதினேன், "ஜப்பான்ல பாதி விலைக்குக் கிடைக்குதாமே, வாங்கலாமா?"ன்னு நாலு பேர் கேட்டுட்டாங்க. நாலு பேரும் என்னை மாதிரியே இங்கிலாந்துல மாஸ்டர்ஸ் படிக்கிற ஜீவன்கள். படிப்பு நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம், மணிக்கு 12 பவுண்டு சொச்சம், அதுல வீட்டு வாடகை. அதனால பதிலைக் கொஞ்சம் விலாவாரியாவே சொல்லிடறேன்.

சுருக்கமான பதில்: வாங்கலாம். ஆனா திரையில தெரியற விலையைப் பார்த்து வாங்கக் கூடாது. நம்ம ஊரு மளிகைக்கடை அண்ணாச்சி எப்பவும் கேட்பாரே, "அடக்கம் எவ்ளோ?"ன்னு. அதே கேள்வியைத்தான் நாமளும் கேட்கணும். சரக்கு நம்ம வாசலுக்கு வந்து சேரும்போது மொத்தம் எவ்ளோ ஆகுது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜப்பான்ல ஒரு பழைய டிஜிட்டல் கேமரா 200 பவுண்டுன்னு வெச்சுக்குங்க. தபால் செலவு 30. ஆச்சா, 230. டிஜிட்டல் ஸ்டில் கேமராவுக்கு இங்க சுங்கத் தீர்வை கிடையாது. அப்பாடான்னு மூச்சு விடாதீங்க, வாட் வரி 20 சதவீதம் இருக்கு. அதுவும் 200க்கு இல்லை, தபால் செலவையும் சேர்த்து 230க்கு. அது 46. இந்த வரியை நம்ம சார்பா முதல்ல கட்டிட்டு நம்மகிட்ட வசூல் பண்றதுக்குத் தபால்காரங்களோ கூரியர்காரங்களோ ஒரு கையாளும் கட்டணம் போடுவாங்க. ஆளுக்கு ஆள் மாறும், கணக்குக்கு 10ன்னு வெச்சுப்போம். மொத்தம் 286.

200 எங்க, 286 எங்க! வரியும் கட்டணமும் மட்டுமே 56 பவுண்டு. ஓட்டல் கிச்சன்ல நாலரை மணி நேரம் பாத்திரம் கழுவின காசு. அதே கேமரா இங்க ஒரு பழைய கேமரா கடையில ஆறு மாச வாரண்டியோட 280க்குக் கிடைச்சா, ஜப்பான் பக்கமே தலை வெச்சுப் படுக்க வேண்டாம்.

இங்க ஒரு சூட்சுமம் இருக்கு. உள்ளூர் கடைக்காரர் ஒருத்தர்கிட்ட பழைய கேமராவை வாங்கி இன்னொருத்தருக்கு விக்கும்போது, பெரும்பாலும் அவரோட லாபத்துக்கு மட்டும்தான் வாட் கட்டுவார். பழைய பொருளுக்குன்னே அப்படி ஒரு முறை இங்க இருக்கு. ஆனா நீங்க வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா முழுத் தொகைக்கும் வரி. பழசுன்னு சுங்கத்துல யாரும் கருணை காட்ட மாட்டாங்க. "ஜப்பான்ல சீப்"ங்கற பேச்சுல பாதி இந்த இடத்துல கரைஞ்சு போயிடும்.

லென்ஸுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும், அதுக்குத் தீர்வையும் வரலாம். சுங்கத்துல கேமரா லென்ஸ் 9002ங்கற தலைப்புல வருது, டிஜிட்டல் கேமரா 8525, ஃபிலிம் கேமரா 9006. அரசாங்கத்தோட டாரிஃப் பக்கத்துல இந்த எண்ணைத் தேடி, நம்ம பொருளுக்கான வரிசையையும் அனுப்பற நாட்டையும் தேர்ந்தெடுத்தா விகிதம் தெரிஞ்சிடும். அஞ்சு நிமிஷ வேலை. தீர்வை இருந்தா அதையும் கூட்டி, அந்த மொத்தத்துக்கு மேலதான் வாட்.

இப்போ 135 பவுண்டு விஷயம். 2021 ஜனவரி 1ல இருந்து, 135 பவுண்டு வரைக்குமான பொருளை ஆன்லைன் சந்தையில வாங்கினா, பணம் கட்டும்போதே வாட்டைப் பிடிச்சுக்கறாங்க. வாசல்ல வந்து யாரும் கேட்கக் கூடாது. கேட்டா ரசீதைக் காட்டுங்க, அதனால ரசீதைப் பத்திரமா வைங்க. இந்த 135ங்கறது தபால் செலவு சேர்க்காத விலை. ஆனா ஒரே பார்சல்ல வர்ற எல்லாத்துக்கும் சேர்த்த விலை. தலா 80ன்னு ரெண்டு லென்ஸை ஒரே டப்பாவுல போட்டா 160 ஆயிடும், எல்லையைத் தாண்டிட்டீங்க. அதே 2021ல இருந்து ஜெர்மனி பார்சலும் ஜப்பான் பார்சல் மாதிரி வெளிநாட்டுப் பார்சல்தான். "ஐரோப்பாதானே"ன்னு நினைச்சு வாங்காதீங்க.

அடுத்தது, எல்லாரும் குரலைத் தாழ்த்திக் கேட்கற கேள்வி. "விக்கிறவன்கிட்ட கிஃப்ட்னு போடச் சொல்லலாமா?" வேண்டாம் மக்களே. ஒண்ணு, அன்பளிப்புன்னா தனி ஆள் தனி ஆளுக்கு அனுப்பறது, நாம காசு கொடுத்து வாங்கினது அதுல சேராது. ரெண்டு, நிஜமான அன்பளிப்புக்கே வாட் விலக்கு 39 பவுண்டு வரைக்கும்தான். மூணு, விலையைக் குறைச்சுப் போடச் சொன்னா, பார்சல் தொலைஞ்சு போகும்போது 200 பவுண்டு கேமராவுக்கு 30 பவுண்டுன்னு எழுதின தாளை வெச்சுக்கிட்டு எப்படி இழப்பீடு கேட்பீங்க? நாலு, அது பொய்க் கணக்கு. விசாவுல உட்கார்ந்திருக்கற நாம 46 பவுண்டுக்காக அரசாங்கத்துக்கிட்ட பொய் சொல்ற வேலையில இறங்க வேண்டாம். ஜப்பான் கடைக்காரங்க பல பேர் "கிஃப்ட்னு போட மாட்டோம்"னு முதல்லயே எழுதியிருப்பாங்க. அப்படி எழுதினவங்களை நான் கூடுதலா நம்புவேன்.

வரி போதும், பொருளைப் பார்ப்போம். ஜப்பான் விற்பனையாளர்களோட மொழிக்கு ஒரு தனி அகராதியே போடலாம். "மின்ட்"னு தலைப்புல இருக்கும், கீழ விளக்கத்துல பொடி எழுத்துல "லேசான பூஞ்சை"ன்னு இருக்கும். தலைப்பை விட்டுடுங்க, விளக்கத்தை மட்டும் படிங்க. "ஜங்க்"னு போட்டிருந்தா உத்தரவாதம் கிடையாது, ஓடினா உங்க அதிர்ஷ்டம். பூஞ்சை, கண்ணாடிக்குள்ள புகை மாதிரி படிஞ்ச மங்கல், ஒட்டின கண்ணாடிகள் பிரியறது - இந்த மூணும் இருந்தா தள்ளிப் போயிடுங்க. ஜப்பான் கோடையும் நம்ம சென்னை மாதிரி புழுங்கித் தள்ளற கோடைதான். பீரோவுக்குள்ள வருஷக்கணக்கா தூங்கின லென்ஸுக்கு அங்கயும் பூஞ்சை பிடிக்கும். உள்ள நாலு தூசி இருந்தா மட்டும் கவலைப்படாதீங்க, படத்துல தெரியாது.

ஒரு சுவாரசியமான விதிவிலக்கு, மஞ்சள். பழைய டாகுமார் லென்ஸ் சிலதுல தோரியம் கலந்த கண்ணாடி இருக்கு. லேசான கதிரியக்கம் உள்ளது, வருஷம் ஆக ஆகப் பழுப்பு மஞ்சளாயிடும். அதைப் புற ஊதா வெளிச்சத்துல சில நாள் வெச்சா பெருமளவு தெளிஞ்சிடும். இது தெரியாதவங்க ஒதுக்கறதால சில சமயம் விலை குறைவா இருக்கும்.

வாங்கறதுக்கு முன்னாடி நம்ம கேமராவுக்குப் பொருந்துமான்னும் பாருங்க. என் அறை நண்பர் திருநெல்வேலிக்காரர், ஆசையா ஒரு எம்42 திருகு லென்ஸ் வாங்கி நிக்கான் டிஎஸ்எல்ஆர்ல மாட்டினார். பக்கத்துல இருக்கற டீ கப் பளிச்சுன்னு இருக்கு, தூரத்துல இருக்கற மலை மசமசன்னு இருக்கு. காரணம் என்னன்னா, எம்42 லென்ஸ் சென்சார்ல இருந்து 45.46 மில்லிமீட்டர் தூரத்துல உட்காரணும். நிக்கானோட வாய் இருக்கறதே 46.5 மில்லிமீட்டர்ல. நடுவுல அடாப்டருக்கு இடமே இல்லை. கண்ணாடி வெச்ச அடாப்டர் போட்டாதான் தூரம் தெளியும். கேனான் டிஎஸ்எல்ஆர்ல 44, மிரர்லெஸ்ல இன்னும் குறைவு, அதுங்கள்ல சாதா அடாப்டரே போதும். நண்பர் இப்போ டீ கப்பா எடுத்துத் தள்ளறார் :-)

கடைசியா ஒரு எச்சரிக்கை. பார்சல் வர்ற வழியில இருக்கும்போது "சுங்கக் கட்டணம் 1.99 கட்டுங்க"ன்னு குறுஞ்செய்தி வரும். அதுல இருக்கற சுட்டியைத் தொடாதீங்க. உங்க ட்ராக்கிங் எண்ணை நீங்களே அந்த கூரியரோட பக்கத்துல போய்ப் போட்டுப் பாருங்க. கட்ட வேண்டியது இருந்தா அங்க தெரியும். நிஜமான பில்லா இருந்தா உடனே கட்டிடுங்க, குறிப்பிட்ட நாளுக்குள்ள கட்டலைன்னா பார்சல் திரும்ப ஜப்பானுக்கே போயிடும்.

ஆக, பொருள் விலையையும் தபால் செலவையும் கூட்டுங்க, தீர்வை இருந்தா சேருங்க, 1.2ஆல பெருக்குங்க, மேல ஒரு 10 போடுங்க. இதுதான் அடக்க விலை. அதையும் உள்ளூர் கடை விலையையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க. வித்தியாசம் 50 பவுண்டுக்குக் கீழ இருந்தா உள்ளூர்லயே வாங்கிடுங்க, ரிப்பேர்னா நடந்து போய்க் கொடுக்கலாம். இங்க கிடைக்கவே கிடைக்காத பொருள்னா மட்டும் ஜப்பானுக்குக் காசு அனுப்புங்க.

அடுத்த வாரம், வந்த லென்ஸை முதல் நாளே எப்படிச் சோதிக்கறதுன்னு பார்ப்போம். ஒரு டார்ச்சும் பொறுமையும் எடுத்து வைங்க.