தீவுக் கடலின் ஒரு பகல் யாருக்கு?

கடலைக் கரையிலிருந்து பார்த்துக் களித்த காலம் போய், அதன்மேல் துடுப்பு வலித்தும் அதனுள் முகத்தை அமிழ்த்தியும் களிக்கும் காலம் வந்திருக்கிறது. காலையில் ஒரு படகில் ஏறித் தீவு தீவாக இறங்குவது. கயாக் எனப்படும் சிறு தோணியைத் தாமே செலுத்துவது. கண்ணாடி முகமூடியும் மூச்சுக்குழலும் அணிந்து நீரில் மிதந்தபடி முருகைக்கல்லையும் மீனையும் பார்ப்பது. மாலையிற் கரை திரும்புவது. இந்த ஒரு பகற் பயணம் இன்று கடற்கரை நாடுகள் பலவற்றில் பெரும் வாணிபம். திருகோணமலையின் நிலாவெளியில் அது வேரூன்றிவிட்டது. யாழ்ப்பாணத் தீவுக் கடலிலும் அதன் காலடியோசை கேட்கிறது.

வரட்டும் என்பதே எமது கருத்து. ஆனால், அது யாருடைய படகில் வருகிறது? யாருடைய கடலைத் தேய்த்துப் போகிறது? யாருடைய மடியிற் காசைப் போட்டுப் போகிறது? இம்மூன்று கேள்விகளையும் இன்றே கேட்டாக வேண்டும். விருந்தாளி பந்தியில் அமர்ந்த பின்னர் உலையேற்றுவது பற்றி ஆலோசிப்பது அறிவுடைமையாகாது.

இயற்கை தந்த முதல்

குடாநாட்டின் மேற்கே விரிந்துகிடக்கும் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தம் தாயகத்து நகர்களின் பெயர்களைச் சூட்டி மகிழ்ந்தனர். வேலணை லைடன் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. பெயர் சூட்டியவர் போயினர், ஊரவர் இருக்கின்றனர். வேலணை, புங்குடுதீவு, காரைநகர் ஆகியவற்றுக்குக் கடலூடே தாம்போதிகள் உண்டு. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய நான்கிற்கும் இன்றும் படகே வழி.

ஒரு பகலிற் காணத்தக்கவை எத்தனை! குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து சிறு பொழுதில் எட்டும் நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் அருகருகே நிற்கின்றன. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலோடினால் நெடுந்தீவு. அங்கே முருகைக்கல்லை அடுக்கி எழுப்பிய வேலிகளும், பழைய கோட்டையின் இடிபாடும், ஆபிரிக்க மண்ணிலிருந்து வந்து வேர்விட்ட பெருக்கமரமும், வெளிகளிற் கட்டின்றித் திரியும் குதிரைகளும் உண்டு. தீவைச் சூழ்ந்த ஆழங்குறைந்த நீரில் முருகைப் பார்கள் உண்டு. மண்டைதீவுப் பக்கத்துப் பரவைக் கடலும் கண்டற் பற்றைகளும் சிறு தோணிக்கென்றே அமைந்தவை போலும்.

ஆயினும் இக்கடல் எல்லா நாளும் இணங்குவதில்லை. சோளகம் வீசும் மாதங்களில் நெடுந்தீவுப் பாதை கொந்தளிக்கும். வாடைக் காலத்திலோ மழையும் புயலும் அச்சுறுத்தும். எந்தப் பாரில் எப்போது நீர் தெளியும், எவ்விடத்தில் ஓட்டம் இழுக்கும் என்பன புத்தகத்திற் கிடைக்கும் அறிவல்ல. தலைமுறை தலைமுறையாகக் கடற்றொழிலாளர் கைமாற்றி வந்த முதுசம். இந்தத் தொழிலின் முதல் மூலதனம் அதுவே.

தீவு மக்கள் ஏறிய பின்னரே

உல்லாசப் பிரயாணிக்கு இக்கடல் ஒரு பகற் பொழுதுபோக்கு. தீவு மக்களுக்கோ அது தெரு. பிள்ளைப்பேற்றுக்குச் செல்லும் தாயும், கற்பிக்க வரும் ஆசிரியரும், அரிசி மூடையும் மருந்துப் பெட்டியும் இதன் வழியேதான் போய் வரவேண்டும். 1985 மே 15இல் குமுதினிப் படகிற் சென்ற பயணிகள் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டதும் இதே பாதையிலேதான். போர் 2009இல் முடிந்தது. படகுக்கான காத்திருப்பு முடியவில்லை.

ஆகவே, முதல் விதி இதுவாக இருக்கட்டும்: தீவு மக்கள் ஏறிய பின்னரே மற்றவர். உல்லாசப் படகு வேறு, சேவைப் படகு வேறு. நோயாளியை ஏற்றவேண்டிய இறங்குதுறையில் கேளிக்கைப் படகு கட்டிக் கிடக்குமாயின், அது உல்லாசமன்று, கொடுமை. கடலில் நீந்தி எழுந்தவர் உப்பைக் கழுவ நன்னீர் கேட்பார். நெடுந்தீவில் நன்னீர் அரும்பொருள். குடத்துக்கு அலைபவளின் கிணற்றிலிருந்து குளிப்பவனுக்கு நீர் வார்ப்பதா? கழுவும் நீரையும் வருவோர் தம் படகிலேயே கொண்டுவரட்டும்.

இக்கடுவை கற்பித்த பாடம்

கடலைக் காட்டிப் பிழைக்க எண்ணுவோர் தென்னிலங்கையின் இக்கடுவையை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்குள்ள முருகைப் பார் 1979இற் சரணாலயம் ஆக்கப்பட்டது. 2002இல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது. சட்டம் ஏட்டில் இருக்க, கண்ணாடி அடித்தளப் படகுகள் முருகையை உரசின. வந்தவர் அதன்மேல் ஏறி நடந்தனர். 1998இற் கடல்நீர் மிகையாகச் சூடேறியபோது, ஏற்கெனவே நலிந்திருந்த முருகைகள் வெளிறி மடிந்தன. சுண்ணாம்புச் சூளைகளுக்காக முருகையை அகழ்வது 1988ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் தடைசெய்யப்பட்டிருந்தும், அதற்குள் கரையோரம் பல இடங்களில் அரணிழந்து விட்டது. 2004இல் ஆழிப்பேரலை வந்தபோது, முருகை அகழப்பட்ட பெரலியப் பகுதியில் அலை மிகத் தொலைவு உட்புகுந்ததை உலகமே கண்டது.

முருகைக்கல் என்ற பெயரிற் கல் இருப்பினும் அது உயிர். கணக்கற்ற சிற்றுயிர்கள் கூடித் தம் சுண்ணாம்புக் கூட்டை மெல்ல மெல்லக் கட்டுகின்றன. பாறைபோற் பருத்து வளரும் வகைகள் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே வளர்கின்றன. ஒருவனின் குதிக்கால் ஒரு நொடியில் முறிப்பதை மீட்க அவன் வாழ்நாள் போதாது.

எமது கண்ணெதிரே நிலாவெளிப் புறாத்தீவு இருக்கிறது. 1963இற் சரணாலயமாகவும் 2003இற் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம் அது. 1998ஆம் ஆண்டின் வெப்பம் திருகோணமலைப் பக்கத்து முருகைகளை விட்டுவைத்தது. ஆனால், இயற்கை விட்டுவைத்ததை மனிதக் கால்கள் விட்டுவைக்கவில்லை. நீந்தத் தெரியாதோரும் கூட்டங்கூட்டமாக இறங்கி முருகைமேற் கால் ஊன்றினர். விதைநெல்லைக் குற்றிப் பொங்கியுண்ட வீட்டில் அடுத்த போகம் என்னவாகும் என்பதை எமது கமக்காரருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

கூட்டுறவே வழி

இனி, காசின் கணக்கைப் பார்ப்போம். பிரயாணி பட்டினத்து விடுதியில் தங்குகிறார். வெளியூர் வாகனத்தில் வருகிறார். சோற்றுப் பொதியும் பட்டினத்திலிருந்தே வருகிறது. படகும் வெளியாரின் முதலாயின், தீவுக்கு எஞ்சுவது என்ன? நுங்கின் விலையும் போத்தற் குப்பையுமே! ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே நீர் நடுவே நிற்கும் கடற்கோட்டை, போருக்குப் பின் கடற்படையினர் நடத்தும் விடுதியாயிற்று. நாம் உறங்கினால் கடலும் அவ்வாறே கைமாறும்.

கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இத்தொழிலை ஏற்க வேண்டும். படகின் அனுமதி, சிறு தோணிகள், முகமூடிகள், வழிகாட்டிகள் யாவும் சங்கத்தின் பொறுப்பில் இருக்கட்டும். உயிர்காப்பு அங்கி அணியாத எவரையும் ஏற்றலாகாது. நங்கூரத்தை முருகைமேல் வீசலாகாது. கட்டுமிதவை அமைத்து அதிற் படகைக் கட்டவேண்டும். நீந்தத் தெரியாதவரைப் பாரிடத்தில் இறக்கலாகாது. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என வரையறுத்து, அதற்கு மேல் வருவோரை மறுநாள் வரச் சொல்லும் துணிவும் வேண்டும். மதிய உணவைத் தீவுப் பெண்களின் சங்கம் சமைக்கட்டும். ஒடியற் கூழின் சுவையை வருவோரும் அறியட்டும்.

“கடலாண்டவனைக் கைகட்டி நிற்கும் பரிசாரகன் ஆக்குவதா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனாலேதான் கூலியாளாக அன்றி உடைமையாளனாக அவன் நிற்கவேண்டும் என்கிறோம். வலை அவன் தொழில். இது வலை காயும் நாளின் துணைத்தொழில். அடியிழுவை மீன்பிடியை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பின்னரும், அக்கரை இழுவைப் படகுகளால் வலை அறுந்து நிற்பவனுக்கு இத்துணை வருவாய் சிறிதன்று. ஆனால், உல்லாசத்தின் பெயரால் ஒரு பாடுகூட அவன் இசைவின்றி மூடப்படலாகாது.

கற்றோர் கடன்

கடற்றொழிலாளர் தனித்து இதைச் செய்ய இயலாது. சங்கத்தின் விதிகளை வரைய எமது சட்டத்தரணிகள் முன்வரட்டும். இறங்குதுறையையும் மிதவையையும் பொறியியலாளர் திட்டமிடட்டும். நீரில் மூழ்கியோரை மீட்கும் முதலுதவியை வைத்தியர் பயிற்றட்டும். புங்குடுதீவிலும் வேலணையிலும் தரிசாய்க் கிடக்கும் காணிகளிற் கமக்காரர் மரக்கறி விளைவித்துத் தீவுச் சமையலுக்கு வழங்கட்டும். வெளிநாட்டில் வாழும் உறவினர் கரையோரக் காணியை வாங்கி மதில் எழுப்புவதைவிடச் சங்கத்திற் பங்கு எடுப்பது பெருந்தொண்டு.

தீவுக் கடல் விற்பனைப் பொருளன்று. மூதாதையர் எம்மிடம் விட்டுச் சென்ற வயல் அது. வேலியை நாமே இட்டு, வாயிலையும் நாமே திறந்து, வருவோரை முகமலர்ந்து வரவேற்போம். அந்த ஒரு பகலின் இன்பம் அவர்களுக்கு ஆகட்டும். பயன் தீவுக்கு ஆகட்டும்!