காதாலும் எழுதலாம் புரோகிராம்!



"கண்ணு தெரியாதவங்க கம்ப்யூட்டர் கேம் விளையாடுவாங்களா?" என்று கேட்டால் நம்மில் பாதிப்பேர் யோசிப்போம். "விளையாடுறது என்ன, அவங்களே கேம் எழுதுறாங்க" என்றால் மீதிப்பேர், "சும்மா கதை விடாதே" என்பார்கள். கதையல்ல, நிஜம். அந்த நிஜத்தை வைத்து நம் லேபையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாமே என்றுதான் இந்தக் கட்டுரை.

பார்வையற்றவர் கம்ப்யூட்டரில் வேலை செய்ய ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருள் இருக்கிறது. திரையில் உள்ளதை வரி வரியாக, வேண்டுமானால் எழுத்து எழுத்தாக, குரலில் படித்துக் காட்டும். மவுஸைத் தொட வேண்டாம், எல்லாம் கீபோர்டுதான். என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006-ல் எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்தார். இருவருமே பார்வையற்றவர்கள். அதன் பெரும்பகுதி நாம் படிக்கும் அதே பைத்தானில் எழுதப்பட்டது. விலை? காசே கிடையாது!

சரி, படம் இல்லாமல் கேமா? 1997-லேயே ஜப்பானில் கென்ஜி ஈனோ என்பவர் 'ரியல் சவுண்ட்' என்று ஒலியை மட்டுமே நம்பிய ஒரு விளையாட்டை சேகா சாட்டர்ன் கருவிக்காக வெளியிட்டார். அதற்குப் பின் வந்த ஆடியோ கேம்கள் பலவற்றை எழுதியவர்கள் பார்வையற்ற புரோகிராமர்களே. தங்களுக்கு வேண்டிய விளையாட்டு கடையில் இல்லை, தாங்களே எழுதிக்கொண்டார்கள்!

இனி, புதிதாகக் கற்கும் ஒரு பார்வையற்ற மாணவர் எங்கே தொடங்குவது? என் கருத்து: எழுத்தில் தொடங்கி ஒலிக்குப் போக வேண்டும்.

முதல் புரோகிராம், எண்ணைக் கண்டுபிடி. கம்ப்யூட்டர் 1 முதல் 100 வரை ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளும். நாம் சொல்லும் எண் பெரிதா, சிறிதா என்று பதில் தரும். பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் 7 தடவைக்குள் பிடித்துவிடலாம். லூப், கண்டிஷன், வேரியபிள் மூன்றும் இதிலேயே வந்துவிடும். திரையில் வருவது வெறும் எழுத்து. ஸ்கிரீன் ரீடர் அப்படியே படித்துவிடும்.

அடுத்தது, 20 கட்டங்கள் கொண்ட ஒரே ஒரு வரிசை. விளையாடுபவர் ஒரு கட்டத்தில், கத்தும் கோழி இன்னொரு கட்டத்தில். கோழியின் எண்ணிலிருந்து நம் எண்ணைக் கழித்தால் விடை மைனஸ் என்றால் இடது காதில் சத்தம், பிளஸ் என்றால் வலது காதில். கிட்டே போகப் போகச் சத்தம் கூடும். விடை பூஜ்யம் என்றால் சத்தம் நடுவில், அமுக்கிப் பிடி! ஒரே ஒரு கழித்தல் கணக்கு, அதுவே ஒரு கேம்.

இங்கே ஒரு நல்ல சிக்கலும் உண்டு. நேர் முன்னால் வரும் சத்தமும் நேர் பின்னால் வரும் சத்தமும் இரண்டு காதுக்கும் சமமாகவே வரும். அப்புறம் எப்படிப் பிரிப்பது? பின்னால் இருப்பதன் சுருதியைக் கொஞ்சம் இறக்கிவிடுவார்கள். காது இரண்டே நிமிஷத்தில் பழகிக்கொள்ளும். இது இன்ஜினியரிங் இல்லாமல் வேறென்ன?

கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுவீடனைச் சேர்ந்த ஃபிலிப் பென்னஃபால் பிஜிடி என்ற கருவியை உருவாக்கினார். நோட்பேடில் எழுதினால் போதும், கேம் ரெடி. பார்வையற்ற பலருக்கு அதுதான் முதல் படி. பின்னால் அதன் வளர்ச்சி நின்றுபோனது. அதில் செய்த கேம்களை ஆன்டிவைரஸ்கள் வைரஸ் என்று தப்பாகத் தடுத்த தொல்லை வேறு. அதே வழியில் சாம் டுப்பி உருவாக்கிய என்விஜிடி 2024-ல் எல்லோருக்கும் இலவசமாக வந்தது. கருவி வரும், போகும். ஆனால் அந்தக் கழித்தல் கணக்கு எந்தக் கருவியிலும் அதேதான். ஆகவே கருவியைத் தேடி அலைவதைவிடக் கணக்கைப் பிடித்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். "பிகினர்ஸுக்கு ஈஸியா இருக்கட்டும்" என்று நாம் எதைத் தருகிறோம்? ஸ்கிராட்ச் மாதிரி, கட்டங்களை மவுஸால் இழுத்து ஒட்டும் முறையை. நமக்கு ஈஸிதான். மவுஸ் அம்புக்குறி எங்கே என்று தெரியாதவருக்கு? நாம் கஷ்டம் என்று நினைக்கும் வெறும் எழுத்துப் புரோகிராம்தான் அவருக்குத் திறந்த கதவு. "பைத்தானில் இன்டென்ட் இருக்கே, அது காதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கலாம். என்விடிஏ-யில் ஒரு செட்டிங்கை மாற்றினால் வரியின் உள்தள்ளலைப் பேச்சாகவோ பீப் ஒலியாகவோ சொல்லிவிடும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. நல்லது. ஆனால் சீட்டைக் கொடுத்துவிட்டுப் பேசாத மானிட்டர் முன்னால் உட்கார வைத்தால் அது என்ன சீட்? வெறும் நாற்காலி! ஃப்ளோசார்ட் வரைந்தால்தான் மார்க் என்றால் அவர் என்ன செய்வார்? அதையே 1, 2, 3 என்று வரிசையாக எழுதிக் காட்டினால் லாஜிக் குறைந்தா போய்விடும்?

இதையெல்லாம் மேலிடம்தான் செய்ய வேண்டும் என்று நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. லேபில் ஒவ்வொரு மெஷினிலும் என்விடிஏ போடச் சொல்லிக் கேட்கலாம், செலவே இல்லை. நம் மினி புராஜெக்ட்டில் பட்டன் வைத்தால் அதற்குப் பெயரும் வைக்கலாம். பெயரில்லாத பட்டனை ஸ்கிரீன் ரீடர் "பட்டன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடும். கலரில் மட்டும் காட்டும் விடையை வார்த்தையிலும் காட்டலாம். பைகேமில் செய்தால் ஒன்றை மறக்கக் கூடாது: அதில் நாம் எழுதும் எழுத்து வெறும் படம். கேம் தானாகப் பேசினால்தான் உண்டு.

கடைசியாக ஒரு சவால். இந்த வருஷம் வகுப்புக்கு ஒரு குழுவாவது, மானிட்டரை அணைத்துவிட்டு விளையாடக்கூடிய ஒரு கேமை எழுதட்டும். இது பார்வையற்றவர் வாழ்க்கையை ஒத்திகை பார்ப்பதல்ல. நம் புரோகிராமுக்கு நாம் வைக்கும் பரீட்சை. எழுதி முடித்ததும் ஒரு பார்வையற்ற நண்பரிடம் கொடுத்து, "எங்கே இடிக்குது?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் குறையைத் திருத்துங்கள். அடுத்த கேமை அவரோடு சேர்ந்தே எழுதுங்கள். யார் கண்டது, அந்தக் குழுவுக்கு லீடர் அவராகவே இருக்கலாம்!